கேபிளை நிறுத்துவதற்கு முன்

2017 டிசம்பர் 27 அன்று வெலகபூடியில், அப்போதைய குடியரசுத் தலைவர் ராம்நாத் கோவிந்த் ஆந்திர மாநில ஃபைபர்நெட்டைத் தொடங்கி வைத்தார். மாதம் 149 ரூபாய்க்கு 250 சேனல், 15 எம்பிபிஎஸ் இணையம், வீட்டுக்கு ஒரு போன் என்று அறிவித்தார்கள். தெருவைத் தோண்டாமல் மின்கம்பங்களின் மேலேயே ஃபைபர் கம்பியை இழுத்துச் சென்றதால் செலவு குறைந்தது. கொண்டுவந்தவர் சித்தூர் மாவட்டத்துக்காரரான சந்திரபாபு நாயுடு. நம் பக்கத்து ஆளின் திட்டம் என்ற பெருமையும் இங்கே சித்தூர்ப் பக்கம் சேர்ந்துகொண்டது.

அந்த 149 நிலைக்கவில்லை. கட்டணம் படிப்படியாக ஏறியது. 2019-இல் ஆட்சி மாறியது. 2021-இல் டெண்டரில் முறைகேடு என்று சி.ஐ.டி. வழக்குப் பதிந்தது. 2024-இல் மறுபடியும் ஆட்சி மாறியது. 2025 பிப்ரவரியில் நிறுவனத்தின் தலைவரே அதிகாரிகளைச் சாடிவிட்டுப் பதவி விலகினார். இதில் யார் சரி, யார் தவறு என்பது இந்தக் கட்டுரைக்கு வேண்டாத விஷயம். மலிவு என்று நம்பி, இருந்த கேபிளையும் பழைய லேண்ட்லைனையும் ஒப்படைத்துவிட்டு ஒரே கம்பிக்கு மாறிய வீட்டுக்கு, விலை ஏறிய நாளில் திரும்பிப் போக வழி இருந்ததா? என் கவலை அதுதான். செலவைக் குறைக்க நினைக்கிறவர் மாத வாடகையைப் பார்ப்பதற்கு முன், வெளியே வரும் வாசலைப் பார்க்கவேண்டும்.

முதலில் இப்போது கட்டுகிற பணம் எதற்குப் போகிறது என்று பிரித்துப் பார்க்கலாம். கேபிள் கட்டணத்தில் மூன்று பகுதிகள் உண்டு. கம்பி வழியாகச் சேனலைக் கொண்டுவந்து தருவதற்கு நெட்வொர்க் கட்டணம், பணம் கட்டிப் பார்க்கிற சேனல்களுக்குத் தனி விலை, இரண்டின் மேலும் 18 சதவீத ஜி.எஸ்.டி. 2019-இல் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்தபோது, முதல் 100 சேனலுக்கு நெட்வொர்க் கட்டணம் 130 ரூபாயைத் தாண்டக்கூடாது என்று உச்சவரம்பு இருந்தது. 2020-இல் அதே 130 ரூபாய்க்கு 200 சேனல் என்றார்கள். ஒரே வீட்டில் இரண்டாவது டி.வி. இருந்தால் அதற்கு இதில் 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக்கூடாது என்றும் சொன்னார்கள். 2024 ஜூலையில் அந்த உச்சவரம்பையே எடுத்துவிட்டார்கள். இன்று கட்டணத்தை நிறுவனமே நிர்ணயிக்கலாம். ஆனால் அதை வெளிப்படையாக அறிவிக்கவேண்டும். ஆக, "கவர்மென்ட் ரேட்டே இதுதான் சார்" என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். பேரம் பேச இடம் இருக்கிறது, அதிலும் இரண்டாவது டி.வி.க்குக் கட்டாயம் பேசவேண்டும்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய வீடுகளுக்கு இதில் ஒரு தனிப் பாடு உண்டு. புத்தலப்பட்டு, யாதமரி, பங்காருபாளையம் பக்கத்துத் தமிழ் வீடுகளில் மாமியாருக்கு சன் டி.வி. வேண்டும், தெலுங்குப் பள்ளியில் படித்த பேரனுக்கு ஸ்டார் மா வேண்டும். கேபிள்காரர் இரண்டு மொழிக்கும் இரண்டு பேக்கைச் சேர்த்துப் போட்டுவிடுவார். அந்தப் பேக்குகளில் பாதிச் சேனல்களை வீட்டில் யாரும் திறந்ததே இருக்காது. பேக் எடுத்தே ஆகவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வேண்டிய சேனலைத் தனித்தனியாகக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. அப்படி எடுத்தால் எப்போதும் லாபம் என்றும் நினைக்கவேண்டாம். பேக்குக்கு 45 சதவீதம் வரை தள்ளுபடி தர விதி அனுமதிக்கிறது. நாலைந்து பெரிய சேனல்களைத் தனியாக எடுத்தால் பேக்கையே தாண்டிவிடும். ஒரு வாரம் வீட்டில் எதைப் பார்க்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் தெரிந்துவிடும். சேனல்களின் விலையை 999-ஆம் எண் சேனலில் காட்டவேண்டும் என்று நிறுவனங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. திருமலை தேவஸ்தானத்தின் எஸ்.வி.பி.சி. போன்ற இலவசச் சேனல்களுக்குத் தனி விலை கிடையாது. திருமலை சேவைகளைப் பார்ப்பதற்காகவே கேபிள் வைத்திருக்கிறேன் என்பவர் யூடியூபிலேயே அதைப் பார்த்துக்கொள்ளலாம்.

எல்லைக்கு அந்தப் பக்கம் காட்பாடியிலோ குடியாத்தத்திலோ உறவினர் இருந்தால், "எங்களுக்கு அரசு கேபிள் இருக்கே" என்று ஒரு பேச்சு வரும். தமிழ்நாடு அரசு கேபிள் 2011-இல் மாதம் 70 ரூபாய்க்கு இணைப்புக் கொடுக்கத் தொடங்கியது உண்மை. அது தமிழ்நாட்டுக்குள் மட்டுமே. அந்தப் பெட்டியை இங்கே கொண்டுவந்து மாட்டினால் ஓடாது. ஒரு கேபிள் நிறுவனத்தின் பெட்டி இன்னொன்றின் கம்பியில் வேலை செய்யாது. டி.டி.எச். பெட்டிக்கும் இதே கதைதான். எந்த நிறுவனத்துக்கு மாறினாலும் பழைய பெட்டி பரணுக்குப் போகும் என்பதைச் செலவில் சேர்த்துக்கொள்ளவேண்டும்.

மாத வாடகையே இல்லாத வழி ஒன்று இருக்கிறது, அதைப்பற்றி யாரும் விளம்பரம் செய்வதில்லை. தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியின் டி.டி. ஃப்ரீ டிஷ் 2004 டிசம்பரில் டி.டி. டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது. டிஷ், பெட்டி, கம்பி எல்லாம் சேர்ந்து இரண்டாயிரம் ரூபாய் அளவில் ஒருமுறைச் செலவு, அதோடு சரி. அதன் சேனல்களை அனுப்பும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் கிழக்கு 93.5 டிகிரியில் நிற்கிறது. புத்தலப்பட்டிலிருந்து டிஷ் தென்கிழக்கைப் பார்க்கவேண்டும், நன்றாக அண்ணாந்தும் இருக்கவேண்டும். அந்தப் பக்கம் மாமரம் கவிந்திருந்தால் மாடியின் வேறு மூலையைத் தேடுங்கள். "வருஷத்துக்கு இவ்வளவு கட்டினால்தான் ஃப்ரீ டிஷ் ஓடும்" என்று யாராவது பணம் கேட்டால் அது மோசடி. ரீசார்ஜ் என்ற பேச்சுக்கே அதில் இடமில்லை.

என்ன கிடைக்காது என்பதையும் சொல்லிவிடவேண்டும். சன், விஜய், ஜெமினி, ஸ்டார் மா போன்ற கட்டணச் சேனல்கள் ஃப்ரீ டிஷ்ஷில் வராது. தமிழுக்கு டி.டி. தமிழ், தெலுங்குக்கு டி.டி. சப்தகிரி உண்டு, பொதிகையாக இருந்ததுதான் 2024 ஜனவரியில் டி.டி. தமிழ் ஆனது. தனியார் சேனல்களில் பெரும்பகுதி இந்தி. சீரியல் பார்க்கிற வீட்டில் இதை மட்டும் வைத்தால் இரண்டாவது நாளே சண்டை வரும். கிரிக்கெட் பார்க்கிறவருக்கு ஓர் ஆறுதல்: 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய ஆண்கள் அணி ஆடும் ஒருநாள், இருபது ஓவர் ஆட்டங்களைத் தனியார் ஒளிபரப்பாளர் தூர்தர்ஷனோடு பகிர்ந்துகொள்ளவேண்டும். 2017-இல் உச்ச நீதிமன்றம் அந்த ஒளிபரப்பைத் தூர்தர்ஷனின் சொந்த அலைவரிசைக்கும் ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டும் என்று வரையறுத்தது. அதனால் இந்தியா ஆடும் அந்த ஆட்டங்கள் ஃப்ரீ டிஷ்ஷில் வரும், கேபிளில் வருகிற டி.டி.யில் அவை வராமல் போகலாம். ஐ.பி.எல். இந்தக் கணக்கில் சேராது.

ஆன்லைனில் "டிஜிட்டல் ஆன்டெனா, நூற்றுக்கணக்கான சேனல் இலவசம்" என்று ஒரு சின்ன பிளாஸ்டிக் தகடு விற்கிறார்கள். அது அமெரிக்காவுக்குச் சரி. அங்கே உள்ளூர் நிலையங்கள் வானலையில் இலவசமாக ஒளிபரப்புகின்றன. இங்கே தூர்தர்ஷன் தன் பழைய அனலாக் கோபுரங்களை நிறுத்திவிட்டது. டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பு சென்னை போன்ற சில நகரங்களில் மட்டும் உண்டு, அதன் வீச்சு சித்தூர் வரை வராது. அந்தத் தகட்டை வாங்கினால் சுவரில் ஒட்டி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

இணையம் வழியாக டி.வி. பார்ப்பதுதான் இப்போது பலர் போகிற பாதை. வீட்டில் பிள்ளைகள் படிப்புக்காக ஏற்கெனவே இணைப்பு இருந்தால், கேபிளை நிறுத்துவதில் நியாயம் உண்டு. பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய வேவ்ஸ் செயலியில் நேரலைச் சேனல்களே இலவசமாக வருகின்றன. மற்ற செயலிகளில் கவனிக்கவேண்டியது தானாகப் பணம் எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. முதல் மாதம் ஒரு ரூபாய் என்று சேர்த்துக்கொண்டு, அடுத்த மாதம் முதல் வங்கிக் கணக்கில் கை வைப்பார்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி, அப்படிப் பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே உங்களுக்குத் தகவல் வரவேண்டும், அதை நிறுத்தும் வசதியும் இருக்கவேண்டும். போன்பே, கூகுள் பேயில் ஆட்டோபே என்ற பகுதியைத் திறந்து பார்த்தால், மறந்துபோன சந்தாக்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும். சேர்வதை எளிதாக்கி வெளியேறுவதைக் கடினமாக்குவதை, 2023 நவம்பரில் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணைய வழிகாட்டுதல்கள் தடைசெய்யப்பட்ட நடைமுறைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கின்றன. புகார் செய்யும்போது இதைக் குறிப்பிடலாம்.

நூறு ரூபாய்க்கு ஆயிரம் சேனல் என்று டெலிகிராமில் வருகிற ஐபிடிவி பெட்டிகள், புதுப்படம் இலவசம் என்கிற தளங்கள் பக்கம் போகவே வேண்டாம். தெலுங்குப் படங்களைத் திருட்டுத்தனமாகத் தந்துவந்த ஐபொம்மா தளத்தை நடத்தியதாக ஒருவரை 2025 நவம்பரில் ஹைதராபாத் போலீஸார் கைது செய்தார்கள். இலவசமாகப் படம் தருகிறவனுக்குப் பணம் சூதாட்ட விளம்பரத்திலிருந்தும் பார்ப்பவரின் தகவலிலிருந்தும்தான் வரவேண்டும். தெரியாத செயலியை டி.வி.யில் இறக்கினால், அது வீட்டு வைஃபைக்குள்ளேயே நுழைந்துவிடுகிறது. அதே வைஃபையில்தான் உங்கள் வங்கிச் செயலியும் ஓடுகிறது.

வீட்டு போன் விஷயத்தில் அவசரப்படவே கூடாது. பழைய செம்புக் கம்பி லேண்ட்லைனுக்கு மின்சாரம் உங்கள் வீட்டிலிருந்து போவதில்லை. தொலைபேசி நிலையத்து பேட்டரியிலிருந்து அந்தக் கம்பி வழியாகவே வருகிறது. கரண்ட் போனாலும் அந்த போன் அடிக்கும். ஃபைபரில் வருகிற போன் அப்படியல்ல. சுவரில் மாட்டிய பெட்டிக்கு மின்சாரம் நின்றால் போனும் நின்றுவிடும். 2021 நவம்பரில் திருப்பதியும் சித்தூர் மாவட்டமும் மழையில் மிதந்த நாட்களை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு ராத்திரியில் தனியாக இருக்கும் முதியவருக்கு 108 ஆம்புலன்ஸைக் கூப்பிட என்ன இருக்கிறது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு கம்பியை மாற்றலாம். ஃபைபருக்கு மாறினால் ரூட்டருக்கென்று விற்கிற சின்ன யூ.பி.எஸ். ஒன்றை வாங்கி மாட்டவேண்டும். நாலைந்து மணி நேரம் தாங்குகிறதா என்று சுவிட்சை அணைத்துச் சோதித்தும் பார்த்துவிடவேண்டும்.

(புத்தலப்பட்டுத் தொகுதியிலேயே இருக்கிற அரகொண்டாவின் அப்போலோ தொலைமருத்துவ மையத்தைத்தான், 2000 மார்ச்சில் அப்போதைய அமெரிக்க அதிபர் கிளின்டன் தொடங்கி வைத்தார். செயற்கைக்கோள் வழியாக டாக்டரைப் பார்த்த மண்டலம் இது. அதற்குப் பக்கத்து ஊரில் கரண்ட் போனால் போன் பேச முடியவில்லை என்றால் அதைத் தொழில்நுட்ப வளர்ச்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.)

அடுத்தது எண். செல்போன் எண்ணை ஒரு நிறுவனத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டு போகலாம்; லேண்ட்லைன் எண்ணுக்கு அந்த வசதி இந்தியாவில் இல்லை. பி.எஸ்.என்.எல். எண்ணை ஒப்படைத்துவிட்டு வேறு நிறுவனத்துக்குப் போனால் அந்த எண் போனது போனதுதான். வெளியூர் உறவினர், கேஸ் ஏஜென்சி, மாங்காய் மண்டி எல்லோரிடமும் இருக்கிற எண் அதுவாக இருக்கலாம். பி.எஸ்.என்.எல்.லிலேயே செம்பிலிருந்து ஃபைபருக்கு மாறுவதானால், அதே எண்ணைத் தொடரமுடியுமா என்று எழுத்தில் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இணையம் வேண்டாம், போன் மட்டும் போதும் என்கிற வீட்டுக்கு ஃபைபர் எதற்கு? சிம் போட்டு மேசைமேல் வைக்கிற போன்கள் கடைகளில் கிடைக்கின்றன. பெரிய பொத்தான், கையில் எடுக்கிற ரிசீவர் என்று பழைய பழக்கம் மாறாது. உள்ளே பேட்டரியும் இருப்பதால் கரண்ட் போனாலும் ஓடும். 4ஜி சிம்மில் குரல் அழைப்பு வருகிற மாடலா என்று மட்டும் கேட்டு வாங்கவேண்டும், இல்லாவிட்டால் சில நிறுவனங்களின் சிம் அதில் பேசாது. டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்.எம்.எஸ்.ஸும் மட்டும் தருகிற ரீசார்ஜை எல்லா நிறுவனமும் வைத்தாகவேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் உத்தரவிட்டது. அதன் பிறகு 84 நாளுக்கு ஐந்நூறு ரூபாய்க்குள் அப்படிப்பட்ட திட்டங்கள் வந்தன. கடைக்காரருக்கு அதில் ஆர்வம் இருக்காது. பெயர் சொல்லி, "வாய்ஸ் ஒன்லி" என்று கேட்டால்தான் எடுத்துக் காட்டுவார்.

கேபிளுக்கு மாதம் 350, லேண்ட்லைனுக்கு 300 கட்டுகிற ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வருடத்துக்கு 7,800 ஆகிறது. அவர்கள் ஃப்ரீ டிஷ்ஷுக்கு 2,000-மும் சிம் போனுக்கு 2,000-மும் போட்டு, ரீசார்ஜுக்கு மாதம் 170 கட்டினால் முதல் வருடம் 6,040, அடுத்த வருடம் முதல் 2,040. சீரியல் இல்லாமல் இருக்க முடிந்தால் இது பெரிய சேமிப்பு. சீரியல் வேண்டும், இணையமும் வேண்டும் என்றால் கணக்கு வேறாகும். 399 ரூபாய் என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், ஜி.எஸ்.டி. சேர்த்துக் கட்டவேண்டியது 470 ரூபாய் 82 காசு. "இன்ஸ்டலேஷன் இலவசம்" என்பதற்கு அடியில், ஆறு மாதமோ ஒரு வருடமோ முன்பணம் கட்டவேண்டும் என்று சின்ன எழுத்தில் இருக்கும். நடுவில் நிறுத்தினால் மீதிப் பணம் வருமா என்று கேளுங்கள். பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்து இணைப்புத் தருகிற உள்ளூர்க்காரர் வேறு, பணம் வாங்குகிற நிறுவனம் வேறு. பழுது வந்த நாளில் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். ஃபைபர்நெட்டிலும் கடைசிக் கம்பி உள்ளூர் கேபிள்காரர் கையில்தான் இருக்கிறது.

கேபிள்காரர் பதிவு பெற்றவராக இருக்கவேண்டும். முன்பு தலைமைத் தபால் நிலையத்தில் பதிந்தார்கள்; 2025 ஜனவரியில் விதி மாறி, தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தில் ஆன்லைனில் பதியவேண்டும், ஐந்து வருடத்துக்குச் செல்லும். பதிவு எண்ணைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். போட்டி நிறுவனத்தின் கம்பியை அறுப்பது, கம்பத்தில் ஏறவிடாமல் தடுப்பது போன்ற தகராறுகளுக்குத் திங்கட்கிழமை சித்தூர் கலெக்டர் அலுவலகத்துக் குறைதீர் நாளில் மனு கொடுக்கலாம்.

நிறுத்துவதென்று முடிவு செய்தால் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். எழுத்திலோ செயலியிலோ சொல்லி, புகார் எண்ணை வாங்குங்கள். பெட்டியோ ரூட்டரோ வாடகைக்கு வந்ததா, விலை கொடுத்து வாங்கியதா என்று பழைய ரசீதில் பாருங்கள். வாடகை என்றால் திருப்பிக் கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்கி, டெபாசிட்டைக் கேளுங்கள். வாங்கியது என்றால் அது உங்களுடையது. "பெட்டியைக் கொடு" என்று மிரட்ட யாருக்கும் உரிமை இல்லை. இணைப்பு நின்றதற்கு ஆதாரம் கையில் வந்த பிறகே ஆட்டோபேயை நிறுத்தவேண்டும். முன்னாலேயே நிறுத்தினால் பாக்கி என்று பில் வந்துகொண்டிருக்கும்.

மாறுகிற இந்தச் சமயத்தில்தான் மோசடிக்காரர்களும் வருவார்கள். "டிராயிலிருந்து பேசுகிறோம், இரண்டு மணி நேரத்தில் உங்கள் எண் துண்டிக்கப்படும்" என்று தெலுங்கிலும் தமிழிலும் அழைப்பு வருகிறது. டிராய் யாருடைய போனையும் துண்டிப்பதில்லை, யாருக்கும் அப்படி அழைப்பதும் இல்லை. கஸ்டமர் கேர் எண்ணை கூகுளில் தேடாதீர்கள். போலி எண்கள் அங்கேதான் காத்திருக்கின்றன. பில்லில் அச்சிட்ட எண்ணையே கூப்பிடுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள். உங்கள் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதை சஞ்சார் சாத்தி தளத்தில் பார்க்கலாம்.

பழுதுக்கு நிவாரணம் உண்டு. 2024 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த டிராய் விதிகளின்படி, லேண்ட்லைனோ வீட்டு இணையமோ மூன்று நாளுக்கு மேல் சரிசெய்யப்படாமல் கிடந்தால் வாடிக்கையாளருக்கு இழப்பீடு தரவேண்டும். முன்பணம் கட்டியவருக்கும் உண்டு. அந்த மூன்று நாள் நீங்கள் புகாரைப் பதிந்ததிலிருந்துதான் எண்ணப்படும். கேபிள்காரருக்கு மிஸ்டு கால் கொடுத்தது புகாராகாது. பதில் திருப்தி இல்லையென்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் 30 நாளுக்குள் போகலாம், அவர் 39 நாளுக்குள் முடிவு சொல்லவேண்டும். டிராய்க்கே எழுதிப் பயனில்லை. தனிநபர் புகாரை விசாரிக்கும் அதிகாரம் அதற்கு இல்லாததால், நிறுவனத்துக்குத் தள்ளிவிடுவார்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் நுகர்வோர் ஆணையம். போன் தகராறுகளுக்கு அங்கே போகமுடியாது என்று 2009-இல் வந்த ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் காட்டி, நிறுவனங்கள் பல வருடம் ஆட்களைத் திருப்பி அனுப்பின. மாதம் ஐந்நூற்றுச் சொச்சம் கட்டிவந்த ஒருவருக்கு 2013-இல் 24,600 ரூபாய்க்கு மேல் பில் வந்தது. அவர் அகமதாபாத் நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். நிறுவனம் அந்த வழக்கை உச்ச நீதிமன்றம் வரை இழுத்தது. 2022 பிப்ரவரி 16 அன்று, தொலைத்தொடர்புச் சேவையும் நுகர்வோர் சட்டத்துக்குள்தான் வரும் என்று தீர்ப்பு வந்தது. அன்றிலிருந்து அந்தச் சாக்கு செல்லாது.

2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். புத்தலப்பட்டுக்காரருக்கு அது சித்தூர். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. அதற்கு முன்னால் 1915-க்கு ஒரு போன் போட்டுப் பார்க்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் அது. தெலுங்கிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம். அழைக்கும்போது பில், ரசீது, புகார் எண், வாட்ஸ்அப் பதில் எல்லாம் பக்கத்தில் இருக்கட்டும், முதல் கேள்வியே அவற்றைப்பற்றித்தான் வரும்.